ரேடியோ அலமாரிக்குள் இருக்கிறாள்

1

இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்துப் பொங்கிய கதை அல்ல. கேட்டு வாங்கப்பட்ட கதை. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு பத்திரிகையின் ஆசிரியர் கணினித் திரையில் வந்தார். தோளில் சால்வை போர்த்தியிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மனிதர் சால்வை போர்த்தியிருக்கிறார். இரண்டு முறை தும்மினார். அவர் அறையில் ஏசி அவ்வளவு குளிராம், குறைக்கும் பொத்தான் யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாதாம். மூக்கைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"கோடை மலருக்கு ஒரு கதை வேணும் மேடம். ஏசியைக் குறைச்சுக்கிட்டு ஒரு குடும்பம் எப்படி சந்தோஷமா கோடையை சமாளிக்குதுன்னு. குறிப்பெல்லாம் கதைக்குள்ளயே வந்துடணும். முக்கியமா, கோபம் வேண்டாம். உங்க கதையில எங்கயாவது ஒரு கோபம் எட்டிப் பார்த்துடுது."

"எவ்வளவு நீளம்?"

"நல்லா நீளமா இருக்கட்டும். ஒலிப் பதிப்பும் வருது இல்லையா, கேக்கறவங்க சமையலை முடிக்கிற வரைக்கும் ஓடணும். வாசிக்கறதுக்கு ஆள் தேட வேண்டியதே இல்ல. உங்க வீட்டுலயே இருக்காங்களே!"

இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார். சின்ன வயதிலிருந்து வாய் ஓயாமல் பேசியதால் வீட்டில் வைத்த பெயர் 'ரேடியோ'. பேச்சையே பிழைப்பாக்கிக்கொண்டாள். புத்தகங்களையும் கதைகளையும் குரல் கொடுத்து வாசிப்பது அவள் வேலை. நன்றாகவே வாசிப்பாள். சொந்த நாத்தனாரை அண்ணி புகழ்வது உலக வழக்கமில்லை, அதனால் நான் சொன்னால் நீங்கள் நம்பலாம்.

2

ஆக, இந்தக் கதையை நான் எழுத எழுத, பகுதி பகுதியாக அவள் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மலர் அச்சுக்குப் போக நாள் குறைவு. முதல் பகுதி போய்விட்டது. "சால்வையை மட்டும் எடுத்துடலாமா மேடம்?" என்று ஆசிரியர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் கதையின் தொடக்கம் இனிமேல்தான் வர வேண்டும். மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

தொடக்கம் ஒன்று: கோடை அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளியைப் போல வந்து—

ரேடியோ எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "விருந்தாளின்னா என்னிக்காவது கிளம்பிடுவாங்களே அண்ணி."

தொடக்கம் இரண்டு: வியர்வை என்பது உடல் எழுதும் கவிதை என்று—

இதை அவள் பார்ப்பதற்குள் நானே அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: ஒரு பெண் மர அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

இது நிற்கும். ஏனென்றால் இது பொய்யில்லை. எங்கள் வீடு கட்டடத்தின் கடைசி மாடி. படுக்கையறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய மர அலமாரி ஒன்று உண்டு. உள்ளே கம்பளிகளும் கோட்டுகளும் தொங்குகின்றன, கீழே ஓர் ஆள் முட்டி மடக்கி உட்கார இடமிருக்கிறது. துணிகள் எதிரொலியை வாங்கிக்கொள்வதால் ஒலிப்பதிவுக்கு அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. அந்த அலமாரியின் முதுகு மேற்குச் சுவர். மத்தியானம் சாய்ந்ததும் வெயில் நேராக அதில்தான் அடிக்கும். கையை வைத்துப் பார்த்தால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல இருக்கும்.

[ரேடியோ, இங்கே மூச்சு வாங்கிக்கொள்.]

காலையில் வாசிக்கலாமே என்பீர்கள். காலையில் தண்ணீர் மோட்டார் ஓடும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் படியில் குதிப்பார்கள், நாலு வீட்டு மிக்ஸியும் ஒரே நேரத்தில் அலறும். மாலைக்கு மேல் ஏதாவது ஒரு வீட்டு ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வெளிப்பெட்டி உறுமுவது சுவர் வழியாக மைக்குக்குள் வந்துவிடும். மத்தியானம் மட்டும்தான் நிசப்தம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் கட்டடத்துக்கு வரும் மின்சாரம் எல்லா ஏசியையும் சேர்த்துத் தாங்காது. போன கோடையில் கீழே உள்ள பெரிய மின்பெட்டி புகைந்து, ஃபேன்கூட இல்லாமல் எல்லோரும் வெந்தோம். அதனால் இந்த முறை குடியிருப்பவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தோம்: உச்சிவெயில் நேரத்தில் யாரும் ஏசி போடுவதில்லை, மாலைக்கு மேல் முறை வைத்துப் போட்டுக்கொள்வது.

எல்லோரும் ஏசியை அணைத்திருக்கும் அந்த நேரம்தான் ரேடியோவுக்கு வேலை நேரம். அவளுக்கு ஏசி மட்டுமா இல்லை? ஃபேனும் சத்தம், அது கிடையாது. திறந்த சன்னலும் சத்தம், அதுவும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, கம்பளிகளுக்கு நடுவில், போன் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அவள் உள்ளே இருக்கும் நேரத்தைக் கூட்டுகிறது. கவிதை எழுதும் வியர்வையை எல்லாம் நான் ஏன் அடித்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு சின்ன வருணனைகூட இங்கே இலவசமில்லை.

3

ஆசிரியருக்குக் குறிப்புகள் வேண்டும். தருகிறேன். எல்லாம் எங்கள் வீட்டில் செய்து பார்த்தவை, பலித்தவை.

வெளியே உள்ளேவிடச் சூடாக இருக்கும்போது சன்னல்களைச் சாத்துங்கள், வெளியே குளிர ஆரம்பித்ததும் எதிரெதிர் சன்னல்களாகத் திறந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்த இலாகாவுக்கு மந்திரி என் வீட்டுக்காரர். வெயில் ஏறியதும் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சாத்துவார், இறங்கியதும் திறப்பார். நடுவில் யாராவது ஒரு சன்னலைத் தொட்டால் பெரிய சண்டை.

திரையைக் கண்ணாடிக்கு உள்பக்கம் போடாதீர்கள், வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள். உள்ளே போட்டால் திருடன் கூடத்துக்கு வந்த பிறகு வாசலைப் பூட்டுவது மாதிரி. மொட்டைமாடித் தரைக்கு வெள்ளை அடியுங்கள். சமையலை வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். கழுத்தில் ஈரத்துண்டைப் போடுங்கள். காலை ஒரு வாளித் தண்ணீரில் வையுங்கள். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து ஃபேனுக்கு முன்னால் நிறுத்துங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

இதோடு ஆசிரியர் கேட்ட கதை முடிந்தது. கூடத்தில் இருக்கும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இதெல்லாம் போதும். ஏசி இல்லாத மத்தியானத்தை நாங்கள் ஒருவழியாகத் தாண்டிவிடுகிறோம், அதில் பொய்யில்லை.

ஆனால் இதே குறிப்புகளை அலமாரிக்குள் கொண்டுபோன கதையையும் கேளுங்கள்.

உறைந்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். பனிக்கட்டி உருகும்போது 'டிக், டிக்' என்று விரிசல் விடும் என்பது எங்களுக்குத் தெரியாது. காதுக்குத் தெரிந்துவிட்டது.

[காது என்பவர் பத்திரிகைக்காக ஒலிப் பதிப்பைத் தயாரிக்கும் நிறுவனத்தில் பதிவைச் சரிபார்ப்பவர். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. அவருக்கு எல்லாமே கேட்கும் என்பதால் வைத்த பெயர். அவர் எப்போதும் குரல் செய்திதான் அனுப்புவார், மிகவும் மரியாதையானவர்.]

"மேடம், கடிகாரம் ஏதாவது உள்ள இருக்கா? எடுத்துட்டு இன்னொரு தடவை வாசிச்சிடுங்க."

ஈரத்துண்டு சொட்டியது. "மேடம், குழாய் ஒழுகுது போல." வாளியில் கால் அசைந்தது. "மேடம், யாராவது குளிக்கிறாங்களா?" பேட்டரியில் ஓடும் குட்டி ஃபேனை வைத்தோம். "வண்டு பறக்குது மேடம்." அட்டையால் விசிறிக்கொண்டாள், காற்று மைக்கில் மோதி 'புஸ்' என்றது. தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் வயிறு கடமுடா என்று பேசியது. குடிக்காமல் போனால் நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை 'ப்ச்' வந்தது. கடைசியில் பழைய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, எதுவும் எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

"நீங்க எழுதின குறிப்புல எனக்கு ஒண்ணுகூட உதவாது, ஆனா அழகா வாசிச்சேன் இல்ல?" என்று வெளியே வந்து கேட்டாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் நிரம்பும்.

"முடியலன்னு சொல்லிடேன்டி. வெயில் குறைஞ்சப்புறம் வேலை எடுத்துக்கலாம்."

"சொன்னேனே. ஆசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? 'பரவாயில்லம்மா, முடியலன்னா மெஷின் குரல் இருக்கு, அதுக்கு வேர்க்காது'ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு உள்ள போயிட்டேன்."

அவளுக்கு இருக்கும் பயம் அதுதான். இந்தக் கோடையில் ஒரு தடவை மெஷின் வாசித்துவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அதனால்தான் அலமாரி.

4

எந்தக் கதைக்கும் ஒரு கெட்டவன் வேண்டும். அதற்கு நான் பிடித்து வைத்திருந்தவர் கீழ்வீட்டு வக்கீல். ஓய்வு பெற்றவர், தனியாள், வழுக்கை, கணீர்க் குரல். எனக்கும் அவருக்கும் வண்டி நிறுத்தும் இடம் பற்றிப் பழைய தகராறு வேறு. கதைக்கு என்ன பொருத்தம்! நான் எழுதியது இப்படி:

எல்லோரும் ஏசியை அணைத்துவிட்டு வெந்துகொண்டிருக்க, வக்கீல் மட்டும் கதவைத் தாளிட்டுக்கொண்டு திருட்டுத்தனமாக ஏசியைப் போட்டார். அதன் வெளிப்பெட்டி கக்கிய அனல் நேராக மேல்வீட்டு அலமாரிச் சுவரை—

"அண்ணி, இதை நான் வாசிக்க மாட்டேன்" என்றாள் ரேடியோ.

"ஏன்?"

"பொய். அவர் பாவம். போய்ப் பாருங்க."

"கதைன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்டி."

"கதையில பொய் இருக்கலாம் அண்ணி. அந்த மனுஷர் மேல இருக்கக் கூடாது."

பாத்திரத்தின் நடத்தையைச் சோதிக்கப் படியிறங்கிப் போன எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. நான் போனேன். வக்கீல் பனியனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கட்டடத்திலேயே அந்தக் கல்படிதான் குளிர்ச்சி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைக் கல்லில் பதித்திருந்தார். மடியில் செய்தித்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாம்மா. மேல பொண்ணு வாசிக்கிற நேரமாச்சே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் சொன்னா. படியில ஏறி இறங்கறவங்க கிட்டல்லாம் நான் சொல்லிடறேன். போனைக்கூட ஊமையாக்கி வெச்சிருக்கேன். காத்து இல்லாம எப்படித்தான் உக்காந்திருக்காளோ. நீங்களாவது சொல்லக் கூடாதா? வயசுப் பிள்ளைன்னா உடம்பு இரும்பா என்ன?"

எனக்குச் சுருக்கென்றது. கெட்டவன் கையைவிட்டுப் போனதில் எழுத்தாளராக எனக்கு நஷ்டம், வேறென்ன சொல்வது. வண்டித் தகராறு இன்னும் தீரவில்லை, அது வேறு விஷயம். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது என்று தெரியாமல் மேலே ஏறி வந்தேன்.

5

இறக்கி வைக்க இடம் கிடைத்துவிட்டது.

ஒலிப் பதிப்புகளைத் தயாரிக்கும் அந்த நிறுவனம் தன் வலைப்பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டிருந்தது. பச்சை இலை ஒன்று, அதன்மேல் ஒரு நீர்த்துளி. 'எங்கள் அலுவலகத்தின் ஏசிப் பயன்பாட்டைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டோம். பூமி நன்றி சொல்கிறது.'

எப்படிக் குறைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒலிப்பதிவுக்கூடத்தை மூடிவிட்டார்கள். ரேடியோ முன்பு அங்கே போய்த்தான் வாசித்தாள். சத்தமே வராத ஏசி, நாற்காலி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையாட்டும் ஆள், எல்லாம் இருந்தது. 'இனி எல்லோரும் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், உங்கள் வசதிக்காக' என்று ஒருநாள் தகவல் வந்தது. எங்கள் வசதிக்காகவாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, என் நாத்தனாரின் வேர்வையை எடுத்துப் பூமிக்கு அபிஷேகம் செய்துவிட்டு இலையும் துளியுமாக நிற்கிறார்கள்.

ஏசியைக் குறைப்பது நல்லதுதான். நான் மறுக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து குறைத்தோம், வக்கீல் உட்பட. ஒருவர் படியில் உட்கார்ந்தார், ஒருவர் வாளியில் காலை வைத்தார், பங்கு போட்டுக்கொண்டோம். குறைப்பது என்றால் அது. தன் சூட்டைத் தூக்கி அடுத்தவர் வீட்டில் போட்டுவிட்டு எங்கள் இடம் குளிர்ந்துவிட்டது என்று சொல்வதற்குப் பெயர் குறைப்பது இல்லை.

[ரேடியோ, அடுத்து வருவது நீளமான வாக்கியம். கோபத்தில் எழுதிவிட்டேன். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்.]

கூடத்தை மூடியவர்களே, மூடியதால் மிச்சமான மின்சாரத்தைக் கணக்கெடுத்து இலை வரைந்தவர்களே, அந்தக் கூடத்தில் இருந்த குளிர் எங்கே போனது என்று கேட்க வேண்டாம், அங்கே இல்லாத வெக்கை இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், அது ஒரு கடைசி மாடி வீட்டில், மேற்குச் சுவரில் முதுகு சாய்த்த ஒரு மர அலமாரிக்குள், கம்பளிகளுக்கு நடுவில், ஃபேனும் சன்னலும் தண்ணீரும் இல்லாமல், ஒரு பனிக்கட்டியின் சத்தத்தைக்கூட உங்கள் காது பொறுக்காததால் அதுவும் இல்லாமல், நீங்கள் சமைக்கும்போதும் நடக்கும்போதும் கேட்டு ரசிப்பதற்காக யாரோ ஒரு

6

அந்த வாக்கியத்துக்கு இன்னும் நாலு வரி இருந்தது. அவள் வாசித்தது அதுவரைதான். மிச்சத்தை நான் அழித்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் அறையில் அலமாரிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். அறையின் ஃபேனும் அப்போது ஓடாது. கதவு சாத்தியிருந்தாலும் அவள் குரல் மெல்லக் கேட்கும். நான் எழுதியதை அவள் வாயால் கேட்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். நீளமான வாக்கியம் வந்தது. அவள் எங்கேயும் நிறுத்தவில்லை. கோபத்தை இடையில் மூச்சு விட்டு வாசித்தால் கோபம் ஆறிவிடும் என்பது அவள் கட்சி. அடைப்புக்குறிக்குள் நான் போடும் உத்தரவுகளை அவள் மதித்ததே இல்லை.

"மர அலமாரிக்குள்" என்று வாசித்தாள். பிறகு மறுபடியும் "மர அலமாரிக்குள்" என்றாள். திருத்தி வாசிக்கிறாள் என்று நினைத்தேன். கம்பளி வந்தது, பனிக்கட்டி வந்தது, குரல் மட்டும் குடித்தவர் பேச்சு மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. அடடா, என்ன உணர்ச்சியாக வாசிக்கிறாள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். "யாரோ ஒரு" என்றாள். அப்புறம் 'தொப்' என்று ஒரு சத்தம்.

கதவைத் திறந்தேன். கோட்டுகளுக்குள் சாய்ந்து கிடந்தாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. தொட்டால் கொதித்தது, ஆனால் ஈரமே இல்லை. பிழிந்தால் டம்ளர் நிரம்பும் என்று எழுதினேனே, அந்த வேர்வை நின்றுபோயிருந்தது. கண் திறந்திருந்தது.

"அண்ணி, எந்த லைன்ல இருக்கேன்?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, ஒரு கோட்டின் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் ஓடிவந்து அவளைத் தூக்கினார். படியில் உட்கார்ந்திருந்த வக்கீல் பாதி தூரம் ஏறி வந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஏசியைப் போடறேன்."

"இப்ப போடக் கூடாதே" என்றேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததைப் பாருங்கள்.

"ரூலு கிடக்குது, நீங்க பிள்ளையைப் பிடிங்க!"

அவர் வீட்டுக் கூடத்தில் தரையில் கிடத்தினோம். ஏசி ஓடியது, கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். ஒருவர்கூட வந்து தட்டிக் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மா தன் வீட்டில் இருந்த பனிக்கட்டி முழுவதையும் பாத்திரத்தோடு கொண்டுவந்தார். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தோம், என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டே இருந்தார். நான் கூப்பிட்ட டாக்டர் அடுத்த தெருவிலிருந்து வந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் துணியை மாற்றி மாற்றிப் போட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றிக் கிளம்பும்போது அந்த அடுத்த தெரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். "நல்லவேளை நீங்க வெளியிலயே உக்காந்திருந்தீங்க. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா..." என்றார்.

அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை.

7

ரேடியோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது என் போனுக்குக் காதிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவள் சாய்ந்ததில் கைபட்டுப் பதிவு நின்று, தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"மேடம், அஞ்சாவது பகுதி பிரமாதம். அந்தக் கடைசித் தடுமாற்றமெல்லாம் நிஜமாவே உள்ளேர்ந்து வந்திருக்கு. ஆனா முடிவுல 'தொப்'னு ஏதோ சத்தம் கேக்குது. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை எடுத்து அனுப்பிடுங்க."

பதில் அனுப்பினேன். "அது சத்தம் இல்ல சார். என் நாத்தனார்."

பதிலுக்குக் குரல் செய்தி வந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம். எனக்குத் தெரியாது. நானும் வீட்டுலதான் இருக்கேன். ஃபேன் ஓடினா சின்னச் சத்தமெல்லாம் காதுல விழாதுன்னு நானும் அதை நிறுத்திட்டுத்தான் கேக்கறேன். அவங்க எப்படி இருக்காங்க?"

இவரையும் திட்ட முடியாமல் போயிற்று. ஒரு மனிதர் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து வாசிக்கிறார், இன்னொருவர் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து அதில் பிழை பார்க்கிறார். ஒலிப்பதிவுக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. இலையும் துளியும் வலைப்பக்கத்தில் பளபளக்கின்றன. இதைக் கேட்டும் கோபம் வராதவர்களுக்கு எப்போதுதான் வரும்?

ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். பதறினார், உண்மையாகவே பதறினார். பழம் வாங்கி அனுப்பினார். மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டார்: "முடிவு மட்டும் பாக்கி இருக்கு மேடம். கொஞ்சம் மனசுக்கு இதமா..."

சரி, இதோ முடிவுகள்.

(அ) ஆசிரியருக்கு: மாலையில் குடும்பம் முழுவதும் வெள்ளை அடித்த மொட்டைமாடிக்குப் போகிறது. காற்று வீசுகிறது. ரேடியோ சிரிக்கிறாள். "ஏசி எதுக்கு அண்ணி, இந்தக் காத்து போதாதா?" என்று—

சொல்ல மாட்டாள். அவளுக்கு ஏசி பிடிக்கும்.

(ஆ) என் வீட்டுக்காரர் சொன்ன முடிவு: நிறுவனத்தின் முதலாளியை அந்தச் சால்வையோடு அலமாரிக்குள் உட்கார வைத்து, பூமி நன்றி சொல்வதை வாசிக்கச் சொல்ல வேண்டும். 'ப்ச்' வந்தால் மறுபடி முதலிலிருந்து.

[சால்வை ஆசிரியருடையது என்று சொன்னேன். "எவனோடதா இருந்தா என்ன" என்றார்.]

(இ) ரேடியோவின் முடிவு. இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, குரல் கரகரக்கச் சொன்னாள்.

"எழுதிட்டீங்களா அண்ணி? குடுங்க. முடிவு மட்டும்தானே, நான் வாசிச்சிடறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"சின்னதா எழுதுங்க. போய்ட்டு வந்துடறேன்."

"அந்தக் கதவை நான் ஆணி அடிச்சு மூடப் போறேன்."

"மூடுங்க. மெஷின் வாசிக்கும். அஞ்சு பகுதி நான் வாசிச்சது, முடிவு மட்டும் அது. கேக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியலன்னு வைங்க, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவாங்க?" அவள் கண் நிறைந்துவிட்டது. "இது என் வேலை அண்ணி. நீங்க எனக்காகக் கோபப்படறீங்க, சரி. அந்தக் கோபத்தையும் நான்தானே உள்ள உக்காந்து வாசிச்சேன்?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் காற்றாடக் கூடத்தில் உட்கார்ந்து எழுதிய ஆத்திரத்தைச் சுமந்துகொண்டுதான் அவள் சாய்ந்தாள். மூச்சு வாங்கிக்கொள் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன், வாக்கியத்தைச் சின்னதாக எழுத எனக்குத் தோன்றவில்லை.

8

அதனால் முடிவை எழுதப் போவதில்லை.

சோம்பலும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. என் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் இதுதான். எழுதாததை அவளும் வாசிக்க முடியாது, மெஷினும் வாசிக்க முடியாது. கதையை நிறுத்தியது எழுதியவளாகிய நான், வாசித்தவள் தனக்குத் தந்ததை எல்லாம் முழுமையாக வாசித்து முடித்துவிட்டாள் என்று ஆசிரியருக்கு எழுத்து மூலம் சொல்லிவிட்டேன். ஒலிப் பதிப்பு ஐந்தாம் பகுதியோடு நிற்கும். அந்த 'தொப்' அப்படியே இருக்கும், வெட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். வெட்ட மாட்டேன் என்று காதும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"கேக்கறவங்க பதறிட மாட்டாங்களா மேடம்?" என்றார் ஆசிரியர்.

"பதறட்டும் சார்."

அடுத்த கதைக்கு ரேடியோவைக் கூப்பிடுவாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ரேடியோ சன்னலோரம் படுத்திருக்கிறாள், பேசவே மாட்டேன் என்கிறாள். அந்தப் பெயர் வைத்த பிறகு இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

ஆக, ஆறாம் பகுதியிலிருந்து இந்தக் கதைக்குக் குரல் இல்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு மட்டும்தான் இது தெரியும். முடிவு வேண்டுமென்றால் நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

ஃபேனை நிறுத்துங்கள். சன்னலைச் சாத்துங்கள். உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, துணிகளை விலக்கி, முட்டியை மடக்கி உட்காருங்கள். கதவுக்கு வெளியே, உங்கள் குரல் நன்றாகத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, இந்தக் குடும்பத்துக்கு என்ன முடிவு நியாயம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்குங்கள். நல்ல முடிவாகவே இருக்கட்டும். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ரேடியோ 'மர அலமாரிக்குள்' என்றதுபோல எந்தச் சொல்லை இரண்டாவது முறை சொல்கிறீர்களோ, அந்தச் சொல்லில் அவர் கதவைத் திறக்கட்டும். கதை அங்கே முடிந்தது.